கொலுப் பூங்காவில் தேர், ஊஞ்சல், விளக்கு, பம்பு: அத்தனையையும் ஒரே ஆர்டுயினோவில் இயக்குவது எப்படி?

மந்தைவெளி வாசகர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. வீட்டுக் கொலுவுக்குப் பக்கத்தில் அவர் ஒரு பூங்கா அமைக்கிறார். அதை இயக்க அவர் வைத்திருப்பது ஆர்டுயினோ எனும், நிரல் எழுதி ஏற்றக்கூடிய சிறு மின்னணுப் பலகை (போர்டு); அதில் ‘ஊனோ’ என்ற வகை. மாடவீதியைப் போன்ற ஒன்றரை மீட்டர் தடத்தில் சிறு தேர் முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஊஞ்சல் ஆட வேண்டும். இரண்டு பொம்மைகள் தலையசைக்க வேண்டும். படிகளைச் சுற்றி 60 எல்இடி கொண்ட வண்ணப் பட்டை ஒளிர வேண்டும். தெப்பக்குளத்தில் ஒரு குட்டிப் பம்பு நீரை இறைக்க வேண்டும். யாராவது அருகில் வந்தால் அல்ட்ராசோனிக் சென்சார் அறிந்து எல்லாவற்றையும் தொடங்கிவைக்க வேண்டும். தனித்தனியே சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக வேலை செய்தனவாம். ஒன்றாக இணைத்ததும் தேர் தடமுனையில் தன்னை நிறுத்த வேண்டிய லிமிட் சுவிட்ச்சைத் தாண்டி ஓடுகிறது, விளக்கு ஓடும்போது ஊஞ்சல் நடுங்குகிறது, சில நேரங்களில் போர்டே அணைந்து புதிதாகத் தொடங்குகிறது. ‘ஊனோவுக்குத் திறன் போதவில்லையா, மெகா வாங்கிவிடலாமா?’ என்பது கேள்வி.

மெகா வாங்க வேண்டாம். ஊனோவின் பெரிய வடிவமான மெகாவில் பின்கள் (கம்பி இணைக்கும் முனைகள்) அதிகம், நினைவகமும் ஊனோவின் 2 கிலோபைட்டுக்குப் பதில் 8 கிலோபைட். ஆனால் வேகம் இரண்டிலும் அதே 16 மெகாஹெர்ட்ஸ்தான். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளும் அங்கேயும் அப்படியே தொடரும், ஏனெனில் மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு: தேர் தாண்டுவது நிரல் காத்திருப்பதால், ஊஞ்சல் நடுங்குவது விளக்குப் பட்டை இன்டரப்டுகளை (நடக்கும் வேலையை நிறுத்தி அவசர வேலையைக் கவனிக்கச் சொல்லும் அழைப்புகளை) அடைத்துவிடுவதால், போர்டு மறுபடி தொடங்குவது மின்னோட்டம் போதாததால். மூன்றையும் ஒரே நோயாக எண்ணி நிரலை மட்டும் திருத்திக்கொண்டிருந்தால் நவராத்திரி வந்துவிடும், வேலை முடியாது.

முதலில் தேரை எடுத்துக்கொள்வோம். உங்கள் நிரலில் விளக்கு ஓட்டும் பகுதி, ஒவ்வொரு எல்இடியாக ஏற்றிவிட்டு 50 மில்லிவினாடி ‘டிலே’ கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 60 விளக்குகளுக்கு அது 3 வினாடி. அந்த 3 வினாடியும் நிரல் அந்தச் சுற்றுக்குள்ளேயே இருக்கும். லிமிட் சுவிட்ச் அழுத்தப்பட்டதா என்று பார்க்கும் வரி வேறு இடத்தில் இருப்பதால், அங்கே வந்து சேரும்வரை சுவிட்ச் அழுத்தப்பட்டிருந்தாலும் யாருக்கும் தெரியாது. தேர் வினாடிக்கு 10 சென்டிமீட்டர் போனால்கூட, அதற்குள் 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். அதாவது மோட்டாரிலும் குற்றமில்லை, சுவிட்ச்சிலும் குற்றமில்லை. ‘டிலே’ என்பது ஓய்வு அல்ல என்பதைக் கவனியுங்கள்: 16 மெகாஹெர்ட்ஸில் 50 மில்லிவினாடி என்றால் 8 லட்சம் கடிகாரத் துடிப்புகள், அத்தனையும் வெறுமனே எண்ணிக்கொண்டிருப்பதில் கழிகின்றன.

ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லுக்கு ஒரே ஒரு செயலகம்தான் உண்டு. அது ஒரு நேரத்தில் ஒரு கட்டளையைத்தான் நிறைவேற்றும். ‘ஒரே நேரத்தில் பல வேலை’ என்று நாம் காண்பது, எந்த வேலையிலும் நின்றுவிடாமல் அது சுற்றிவருவதன் விளைவு. சென்னையில் சதுரங்கம் தெரியாதவர்கள் குறைவு என்பதால் இந்த உவமையைச் சொல்கிறேன்: கிராண்ட்மாஸ்டர் ஒருவர் இருபது பேருடன் ஒரே சமயத்தில் காட்சி ஆட்டம் ஆடும்போது, எந்தப் பலகையின் முன்னும் எதிராளி யோசித்து முடிக்கும்வரை நிற்பதில்லை, வருகிறார், பார்க்கிறார், ஒரு நகர்த்தல் செய்கிறார், அடுத்த பலகைக்குப் போகிறார். இதில் இன்னும் முக்கியமானது, ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அவர் நினைவில் சுமக்க வேண்டியதில்லை. பலகையே அதைச் சொல்லிவிடும். நிரலிலும் தேருக்கு ஒரு பலகை, ஊஞ்சலுக்கு ஒரு பலகை, விளக்குக்கு ஒரு பலகை வேண்டும். அந்தப் பலகைதான் ‘நிலை’ என்று நாம் வைத்துக்கொள்ளும் மாறி (மாறும் மதிப்பைச் சேமிக்கும் இடம்).

தேருக்கு நான்கு நிலைகள் போதும்: முன்னே போகிறது, முன்முனையில் நிற்கிறது, பின்னே வருகிறது, பின்முனையில் நிற்கிறது. நிரலில் ஓயாமல் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான ‘லூப்’ ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தேருக்கான செயற்கூற்றை ஒருமுறை அழைக்கிறோம். தேர் முன்னே போகும் நிலையில் இருந்தால், அந்தச் செயற்கூறு முன்முனைச் சுவிட்ச்சை மட்டும் பார்க்கும். அழுத்தப்பட்டிருந்தால் மோட்டாரை நிறுத்தி, அப்போதைய நேரத்தைக் குறித்துக்கொண்டு, நிலையை ‘முன்முனையில் நிற்கிறது’ என்று மாற்றிவிட்டுத் திரும்பிவிடும். நிற்கும் நிலையில் இருந்தால், குறித்த நேரத்திலிருந்து 4 வினாடி கடந்துவிட்டதா என்று மட்டும் பார்க்கும்; கடக்கவில்லையென்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். இந்தச் சோதனைக்குச் சில மைக்ரோவினாடிகளே ஆகும். இதில் ஒரு உபரி நன்மையும் உண்டு: சுவிட்ச்சின் உலோக நாக்கு அழுத்தப்படும்போது சில மில்லிவினாடிகள் துள்ளித் துள்ளித் தொடும், நிலை மாறிய பிறகு அந்தச் சுவிட்ச்சை நிரல் பார்ப்பதே இல்லை என்பதால், அந்தத் துள்ளலுக்கெனத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

நேரத்தைக் குறிக்க ‘மில்லிஸ்’ பயன்படும். போர்டு தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிவினாடிகளை அது தரும். அதை வைக்கும் மாறி 32 பிட் கொண்ட, குறியில்லாத ‘லாங்’ ஆக இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் ‘இன்ட்’ என்று எழுதினால், ஊனோவில் அது 32,767 வரைதான் தாங்கும். 32 வினாடிகள் எல்லாம் சரியாக ஓடும், அதற்குப் பிறகு தாறுமாறாகும். ‘இப்போதைய நேரத்திலிருந்து குறித்த நேரத்தைக் கழித்தால் வரும் விடை இடைவெளியை விடப் பெரியதா’ என்ற வடிவத்திலேயே எப்போதும் எழுதுங்கள். குறித்த நேரத்துடன் இடைவெளியைக் கூட்டி ஒப்பிடும் வடிவம் வேண்டாம். ‘மில்லிஸ்’ ஏறக்குறைய 49.7 நாளில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும்போது கழித்தல் வடிவம் பிசகாது, கூட்டல் வடிவம் பிசகும். ஒன்பது நாள் கொலுவுக்கு இந்தக் கவலை இல்லைதான்; ஆனால் கொலுவை எடுத்துவைக்க மனம் வராத வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

தேரின் விஷயத்தில் நிரலை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கருத்து. தடத்தின் இரு முனைகளிலும், நிரல் படிக்கும் சுவிட்ச்சுக்கு ஒரு சென்டிமீட்டர் அப்பால், இன்னொரு மைக்ரோ சுவிட்ச்சை வைத்து, அழுத்தினால் துண்டிக்கும் அதன் முனைகளை மோட்டார் கம்பியிலேயே தொடராக இணைத்துவிடுங்கள். அந்தச் சுவிட்ச்சுக்குக் குறுக்கே ஒரு டயோடை, தேர் திரும்பிவரும் திசைக்கு மட்டும் மின்னோட்டம் செல்லும்படி போடுங்கள். நிரல் எங்காவது சிக்கிக்கொண்டாலும் தேர் முனையில் நின்றுவிடும், ஆனால் பின்னோக்கி வர வழியிருக்கும். கூடவே நிரலில் ஒரு காலவரம்பும் தேவை: 20 வினாடி ஓடியும் சுவிட்ச் தொடப்படவில்லையென்றால் சக்கரம் எதிலோ சிக்கியிருக்கிறது என்று பொருள், மோட்டாரை நிறுத்த வேண்டும். போர்டு தொடங்கும்போது தேர் தடத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது என்பதையும் மறக்காதீர்கள். மின்வெட்டு வந்து போனால் தேர் நடுத்தடத்தில் நின்றிருக்கும். எனவே தொடக்கத்தில் மெதுவாகப் பின்னே வந்து பின்முனைச் சுவிட்ச்சைத் தொட்ட பிறகே மற்றவை தொடங்கும்படி ஐந்தாவதாக ஒரு நிலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஊஞ்சலின் நடுக்கம். உங்கள் மூன்று சிக்கல்களில் இதுதான் சுவையானது, இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஊஞ்சலையும் பொம்மைகளையும் அசைப்பவை, சொன்ன கோணத்தில் போய் நிற்கும் சர்வோ மோட்டார்கள். சர்வோ மோட்டாருக்கு 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு போக வேண்டும். அந்தத் துடிப்பின் நீளம் 1 மில்லிவினாடியா, ஒன்றரையா, 2 மில்லிவினாடியா என்பதுதான் அது எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் செய்தி. சர்வோ லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) இந்தத் துடிப்பைத் தொடங்கிவிட்டு, முடிக்க வேண்டிய கணத்தில் தன்னை அழைக்கும்படி, சில்லுக்குள் நேரம் எண்ணும் பகுதிகளில் ஒன்றான டைமர் 1-இடம் சொல்லிவைக்கிறது. டைமர் அந்தக் கணத்தில் இன்டரப்ட் எழுப்பும், அப்போது துடிப்பு முடிக்கப்படும். வண்ணப் பட்டையில் இருக்கும் டபிள்யூஎஸ்2812பி எல்இடிகளோ ஒரே கம்பியில், ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோவினாடி என்ற கணக்கில் செய்தியைப் பெறுகின்றன. 16 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 20 கடிகாரத் துடிப்பு. சுழியமா ஒன்றா என்பதை மைக்ரோவினாடியின் பின்னத்தில் வேறுபடுத்த வேண்டியிருப்பதால், நடுவில் இன்டரப்ட் வந்தால் வண்ணம் குழம்பிவிடும். ஆகவே பட்டைக்கான லைப்ரரி, அனுப்பி முடிக்கும்வரை இன்டரப்டுகளை அடைத்துவிடுகிறது. ஒரு எல்இடிக்கு 24 பிட், 30 மைக்ரோவினாடி. 60 எல்இடிக்கு 1.8 மில்லிவினாடி. ஒன்றரை மில்லிவினாடியில் முடிய வேண்டிய சர்வோ துடிப்பு அந்த அடைப்புக்குள் அகப்பட்டால் 3 மில்லிவினாடிக்கு மேலும் நீண்டுவிடும். சர்வோ அதைக் கோணத்தை மாற்றச் சொன்ன கட்டளையாக எடுத்துக்கொண்டு துள்ளுகிறது. அடுத்த துடிப்பு சரியாக வந்ததும் திரும்பிவிடுகிறது. நீங்கள் காணும் நடுக்கம் இதுதான்.

இதற்குப் பட்டையைக் குறைவான முறை புதுப்பிப்பது ஒரு வழி. வினாடிக்கு 25 முறைக்கு மேல் தேவையில்லை, மாற்றம் இல்லாதபோது அனுப்பவே தேவையில்லை. ஆனால் நடுக்கம் குறையுமே தவிர ஒழியாது. தலையசைக்கும் பொம்மைகள் அசையாத நேரத்தில் அவற்றின் சர்வோக்களுக்குத் துடிப்பை நிறுத்திவிடலாம். இடைவிடாது ஆடும் ஊஞ்சலுக்கு அது உதவாது. கடிகாரக் கம்பி தனியாக உள்ள ஏபிஏ102 வகைப் பட்டையை வாங்கினால் இன்டரப்டை அடைக்கும் தேவையே எழாது, விலை கூடும். நான் பரிந்துரைப்பது பிசிஏ9685 என்ற 16 சர்வோக்களுக்கான சிறு பலகை. ஐ2சி என்ற தொடர்பு முறையில் ஊனோவின் ஏ4, ஏ5 பின்களோடு இரண்டே கம்பிகளால் இணையும். கோணத்தை ஒருமுறை சொல்லிவிட்டால், தன் சொந்த 25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைக் கொண்டு துடிப்புகளைத் தானே உருவாக்கிக்கொண்டிருக்கும். ஊனோ அந்த நேரத்தில் விளக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தாலும் சரி, எங்காவது சிக்கிக்கொண்டாலும் சரி, ஊஞ்சலுக்கு அது தெரியாது. 20 மில்லிவினாடியை 4096 படிகளாக அது பிரிப்பதால், 1 முதல் 2 மில்லிவினாடி வரையிலான இடத்தில் ஏறக்குறைய 205 படிகள் கிடைக்கும். ஊஞ்சலுக்கு இது தாராளம். சர்வோக்களுக்கான மின்சாரத்தை அந்தப் பலகையின் திருகு முனையில் தனியாகக் கொடுக்க வேண்டும், ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்கக் கூடாது.

சர்வோ லைப்ரரியை விட்டுவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு. ஊனோவில் மூன்று டைமர்கள்தான். அவை பல பேருக்குப் பொது. டைமர் 0 ‘மில்லிஸ்’ கணக்கையும் 5, 6 பின்களின் பிடபிள்யூஎம்மையும் (மின்சாரத்தை மிக வேகமாகத் திறந்து மூடி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை) பார்த்துக்கொள்கிறது. டைமர் 1 சர்வோ லைப்ரரிக்குப் போய்விட்டால் 9, 10 பின்களில் பிடபிள்யூஎம் இராது. ‘டோன்’ கட்டளையால் ஒலி எழுப்பினால் டைமர் 2 போய், 3, 11 பின்கள் பாதிக்கப்படும். ‘சர்வோவைச் சேர்த்ததும் தேரின் வேகக் கட்டுப்பாடு போய்விட்டது’ என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் தேர் மோட்டாரை 9-ஆம் பின்னில் வைத்திருப்பார்கள். மோட்டார் கீச்சிடுகிறதே என்று டைமர் 0-இன் வேகத்தை மாற்றும் வரியை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டினால், ‘மில்லிஸ்’ கணக்கும் அதே விகிதத்தில் மாறி, 4 வினாடி நிற்க வேண்டிய தேர் கண்ணிமைக்கும் நேரத்தில் கிளம்பிவிடும்.

ஊஞ்சலின் அசைவைப் பற்றி ஒரு வார்த்தை. கோணத்தைச் சீராக ஏற்றி இறக்கினால் அது கார் வைப்பர் போல ஆடும், ஊஞ்சலாகத் தெரியாது. மெய்யான ஊஞ்சல் நடுவில் வேகமாகவும் முனைகளில் நின்று திரும்புவதுபோலவும் ஆடுகிறது. எனவே கோணத்தை சைன் சார்பிலிருந்து எடுங்கள். 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை, கடந்த நேரத்திலிருந்து கோணத்தைக் கணக்கிட்டு பிசிஏ9685-க்கு அனுப்பினால் போதும். இப்படி நேரத்திலிருந்து கணக்கிடும்போது ஒரு சுற்று தாமதமானாலும் அசைவின் தாளம் கெடாது. ‘ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிகிரி கூட்டு’ என்று எழுதினால் தாமதங்கள் எல்லாம் சேர்ந்து ஊஞ்சல் தளர்ந்துபோகும்.

அல்ட்ராசோனிக் சென்சார் இந்தக் கூட்டத்தில் ஒளிந்திருக்கும் சோம்பேறி. எச்சி-எஸ்ஆர்04 சென்சாரை ‘பல்ஸ்இன்’ கட்டளையால் படிக்கிறீர்கள். எதிரொலி வரும்வரை அந்தக் கட்டளை காத்திருக்கும். காலவரம்பு கொடுக்காவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்ளும் வரம்பு முழுதாக 1 வினாடி. சென்சாரின் கம்பி ஒன்று கழன்றால் உங்கள் பூங்கா வினாடிக்கு ஒருமுறை மட்டும் அசையும் மர்மம் அப்போது விளங்கும். ஒலி போய்த் திரும்ப ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 58 மைக்ரோவினாடி. கொலு பார்க்க வருபவரை இரண்டு மீட்டருக்குள் அறிந்தால் போதும் என்பதால் 15,000 மைக்ரோவினாடி வரம்பு போதுமானது. எதிரொலியை இன்டரப்ட் மூலம் அளந்தால் இந்தக் காத்திருப்பும் இராது என்று சிலர் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் விளக்குப் பட்டை இன்டரப்டை அடைத்திருக்கும் 1.8 மில்லிவினாடிக்குள் எதிரொலி வந்துவிட்டால், அளவு 31 சென்டிமீட்டர் வரை பிசகும். அதைத் தவிர்க்க மேலும் ஒரு ஒருங்கிணைப்பு எழுத வேண்டும். வினாடிக்கு ஐந்து முறை, அதிகபட்சம் 15 மில்லிவினாடி காத்திருப்பதால் தேர் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். இந்த இடத்தில் நான் எளிய வழியின் பக்கம்.

சென்சாரின் அளவைப் பற்றி இரண்டு செய்திகள். சென்னையின் 35 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 352 மீட்டர், 20 டிகிரியில் 343. இந்த வேறுபாட்டால் ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் பிசகும், ஆள் வந்ததை அறிய இது பொருட்டல்ல. துணியின் மடிப்புகள் ஒலியை உறிஞ்சுவதுதான் பெரிய சிக்கல். வருபவரின் புடவையிலிருந்து எதிரொலி சில முறை வரும், சில முறை வராது. ஆகவே 120 சென்டிமீட்டருக்குள் வந்தால் தொடங்குவது, 150-ஐத் தாண்டி 5 வினாடி ஆனால்தான் நிறுத்துவது என்று இரண்டு எல்லைகளை வையுங்கள். ஒரே எல்லை வைத்தால், அந்த இடத்தில் ஒருவர் நின்று சுண்டல் சாப்பிடும்போது பூங்கா முழுவதும் விக்கி விக்கி இயங்கும்.

மூன்றாவது சிக்கலான மறுதொடக்கம் மின்சாரக் கணக்கு. டபிள்யூஎஸ்2812பி எல்இடி ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை எடுக்கும். 60 எல்இடிக்கு 3.6 ஆம்பியர். சிறிய சர்வோ ஒன்று அழுத்தத்தில் சிக்கினால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், உங்களிடம் மூன்று இருக்கின்றன. தேரின் கியர் மோட்டார் தொடங்கும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். இவை எல்லாவற்றையும் யூஎஸ்பி கம்பி வழியே கொடுத்திருக்கிறீர்கள். ஊனோவின் யூஎஸ்பி வழியில் 500 மில்லிஆம்பியருக்கென ஒரு மீளும் ஃபியூஸ் இருக்கிறது. போர்டின் வட்ட வடிவ மின்செருகி வழியே 12 வோல்ட் கொடுப்பதும் தீர்வாகாது: போர்டில் உள்ள சீராக்கி மீதி 7 வோல்ட்டை வெப்பமாகத்தான் கழிக்கிறது, 200 மில்லிஆம்பியருக்கே 1.4 வாட், விரல் வைக்க முடியாது. மோட்டார் கிளம்பும்போது 5 வோல்ட் சரிகிறது, சில்லு மயங்கி மறுபடி தொடங்குகிறது. இதை உறுதிப்படுத்திக்கொள்ள போர்டு தொடங்கும்போது ஒருமுறை மட்டும் ஓடும் ‘செட்டப்’ பகுதியில், ‘தொடங்கியது’ என்று ஒரு வரியைக் கணினித் திரையில் அச்சிடச் செய்யுங்கள். ஓட்டத்தின் நடுவே அந்த வரி மீண்டும் தோன்றினால் ஐயமில்லை.

ஊனோவை ஒரு கைபேசிச் சார்ஜரால் தனியாக இயக்குங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் 5 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட்டாக மாற்றித் தரும் மின்வழங்கி) ஒன்று வாங்கி, அதன் முனையிலிருந்தே விளக்குக்கு ஒரு இணை, சர்வோ பலகைக்கு ஒரு இணை, மோட்டார் டிரைவருக்கு (ஊனோ சொல்படி மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் பலகை) ஒரு இணை, பம்புக்கு ஒரு இணை என்று தனித்தனிக் கம்பிகள் எடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் கிரவுண்டும் ஊனோவின் கிரவுண்டும் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சமிக்ஞைக்கு ஆதாரப் புள்ளி இராது. ஆனால் மோட்டாரின் திரும்பு மின்னோட்டம் ஊனோ வழியாகப் போகக் கூடாது. பிரெட்போர்டின் மெல்லிய ஜம்பர் கம்பியில் ஆம்பியர்களை ஓட்டுவது வீண். 28 கேஜ் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம், ஒரு மீட்டர் தூரத்துக்குப் போகவர 0.42 ஓம், 2 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் வழியிலேயே போய்விடும். பட்டையின் கடைசி விளக்குகள் வெள்ளைக்குப் பதில் சிவந்து தெரிவது இதனால்தான்; பட்டைக்கு இரு முனைகளிலும் மின்சாரம் கொடுங்கள், தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றும், செய்திக் கம்பியில் 330 ஓம் மின்தடை ஒன்றும் வையுங்கள். கொலுவுக்கு முழு வெள்ளை தேவையே இல்லை. மஞ்சள் கலந்த மங்கிய ஒளியே பொம்மைகளுக்கு அழகு, மின்னோட்டமும் மூன்றில் ஒன்றுக்குக் கீழே வந்துவிடும். ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரியில் உச்ச மின்னோட்டத்தை வரையறுக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் 230 வோல்ட் முனைகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும்; குழந்தைகள் புழங்கும் இடத்தில், அதுவும் தண்ணீர் பம்பின் அருகில், அதை மூடியுள்ள பெட்டிக்குள் வைக்காமல் இயக்க வேண்டாம்.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மோட்டார் டிரைவர் என்று கேட்டால் பழக்கத்தில் எல்298என் பலகையைத்தான் முதலில் எடுத்துவைப்பார்கள். அது பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. ஒரு ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே தின்றுவிடும். 12 வோல்ட் மோட்டாருக்கு அது பரவாயில்லை. 5 வோல்ட்டில் ஓடும் உங்கள் தேருக்கு 3 வோல்ட்தான் மிஞ்சும். டிபி6612 என்று கேட்டு வாங்குங்கள். பம்புக்கு ரிலே வேண்டாம், ஒரு மாஸ்ஃபெட் (மின்சுவிட்ச்சாகப் பயன்படும் டிரான்சிஸ்டர்) போதும். ஐஆர்எஃப்இசட்44 என்பதும் ஐஆர்எல்இசட்44 என்பதும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், உங்களுக்கு வேண்டியது ‘எல்’ உள்ளது, அதுதான் 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்கும். அதன் கட்டுப்பாட்டு முனையான கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் மின்தடை ஒன்று வையுங்கள், போர்டு தொடங்கும் கணத்தில் பம்பு தானாக ஓடாது. பம்புக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டயோடு, தேர் மோட்டாரின் முனைகளில் 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர். சில ரூபாய் விஷயம், ஆனால் இவை இல்லாமல் வரும் இரைச்சலால் சென்சார் காரணமின்றி உளறும்.

நிரலைத் திருத்திய பிறகு ‘லூப்’ ஒரு சுற்றுக்கு எடுக்கும் அதிகபட்ச நேரத்தை ‘மைக்ரோஸ்’ கொண்டு அளந்து, 5 வினாடிக்கு ஒருமுறை அச்சிடுங்கள். விளக்குக்கு அனுப்பும் சுற்றில் இரண்டு மில்லிவினாடியைச் சற்றுத் தாண்டியும், சென்சார் படிக்கும் சுற்றில் 15 முதல் 18 வரையும் வந்தால் எல்லாம் சரி. எங்கோ 80 வந்தால் அங்கே ஒரு ‘டிலே’ இன்னும் ஒளிந்திருக்கிறது, அல்லது அளவுக்கு மீறி அச்சிடுகிறீர்கள்: கணினிக்கு அனுப்பும் வேகம் 9600 என்றால் ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிவினாடி, 64 பைட் இடையகம் நிரம்பியதும் அச்சிடும் கட்டளையே காத்திருக்கத் தொடங்கிவிடும். வேகத்தை 115200 ஆக்கி, நிலை மாறும்போது மட்டும் அச்சிடுங்கள். இந்தக் கடிகாரத்தை நம்பி ‘மாலை 6 மணிக்கு விளக்கேற்று’ என்று எழுதிவிடாதீர்கள். விளக்குப் பட்டை இன்டரப்டை அடைக்கும்போதெல்லாம், லைப்ரரி ஈடுசெய்யாவிட்டால், ‘மில்லிஸ்’ சற்று பின்தங்கும். மணி வேண்டுமென்றால் டிஎஸ்3231 கடிகாரச் சில்லைச் சேர்ப்பதே முறை.

ஊனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 என்ற போர்டு வாங்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். 240 மெகாஹெர்ட்ஸ், பெரும்பாலான வகைகளில் இரண்டு செயலகங்கள், விளக்குப் பட்டைக்கான அலையைத் தானே உருவாக்கும் வன்பொருள், ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு இயங்குதளம் வழியாகத் தனித்தனிப் பணிகள் என்று வசதிகள் ஏராளம். அங்கே ஒரு பணி காத்திருந்தால் மற்றவை நிற்பதில்லை. ஆனால் அது 3.3 வோல்ட் உலகம்: 5 வோல்ட் பட்டைக்குச் செய்தி அனுப்ப 74ஏஎச்சிடி125 போன்ற மின்னழுத்த மாற்றி வேண்டும், சென்சாரின் எதிரொலிக் கம்பிக்கு மின்தடைப் பகுப்பு வேண்டும், பணிகள் ஒரே மாறியைத் தொடும்போது பூட்டுகள் வேண்டும். கைபேசியிலிருந்து பூங்காவை இயக்க விரும்பினால் அடுத்த ஆண்டு அதற்கு மாறலாம். இந்த ஆண்டுக்கு ஊனோவே போதும். முதலில் எஸ்எம்பிஎஸ்ஸையும் கம்பிகளையும் முடித்து மறுதொடக்கம் நின்றுவிட்டதா என்று பாருங்கள். அடுத்து தேரை நிலைகளாக மாற்றி எழுதுங்கள். பிசிஏ9685-ஐ அதற்குப் பிறகு இணையுங்கள். மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாகவே எல்லாவற்றையும் ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் டிரைவர் பலகை, எஸ்எம்பிஎஸ் முனைத் திருகுகள், பம்பின் கம்பி இணைப்பு ஆகிய மூன்றும் சூடேறியிருக்கின்றனவா என்று, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, தொட்டுப் பாருங்கள்.